அமலோற்பவம் அழுத்தாத சுவிட்ச்

வலியை அளக்கிற நம் வலிமானியில் இரண்டாவது அழுத்தம் எதற்கு என்று, அதை வைத்து வேலை செய்கிற உங்களில் ஒருத்தர் கேட்டாராம். நோயாளி சுவிட்சை ஒரு தடவை அழுத்தினால் போதுமே, இரண்டாவதை எடுத்துவிட்டால் நிரலும் சுருங்கும், விலையும் கொஞ்சம் குறையும் என்று எழுதியும் கொடுத்திருக்கிறார். உங்கள் ஆபீசில் அந்தத் தாளை எனக்கு அனுப்பி, "நீங்களே பதில் சொல்லுங்க மேடம்" என்று கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிறவளிடம் இப்படி ஒரு தாளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

கேட்டவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபக்காரி என்று என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள், அது உண்மைதான். ஆனால் இந்தக் கேள்விக்குக் கோபப்பட முடியாது, ஏனென்றால் அது சரியான கேள்வி. வரைபடத்தைப் பார்த்தால் இரண்டாவது அழுத்தம் வெட்டிதான். அதற்கான காரணம் வரைபடத்தில் இல்லை. அது நான் செய்த ஒரு தப்பில் இருக்கிறது. அந்தத் தப்பினால் ஒரு பெண்ணின் வலது கை போகப் பார்த்தது.

எங்கள் ஆஸ்பத்திரி தக்கலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த சின்ன ஆஸ்பத்திரி. நான் அங்கே கருவிப் பிரிவு. பெயர்தான் பெரிதாக இருக்கும், துணி துவைக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு மேசை, நான். பிரஷர் பார்க்கிற கருவி, சளி உறிஞ்சுகிற கருவி, இசிஜி, எது நின்றுபோனாலும் என்னிடம் வரும். பக்கத்து அறை பிசியோதெரபி. அங்கே இருந்தவளும் நானும் ஒரே வயது. குலசேகரத்துக்காரி, ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவள், வாயைத் திறந்தால் எனக்குச் சமமாக நிற்பாள். ஒரு நாள் பொங்கிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, நோவை அளக்க ஒரு மிஷின் செய்ய முடியுமா?"

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. வலி எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று நோயாளியிடம் கேட்க வேண்டும். படிப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்று காலை ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளியிடம் கேட்டிருக்கிறாள். அவர் நன்றாக யோசித்து, "மழை உண்டுன்னா வெட்டு இல்ல, அப்ப எட்டு. மழை இல்ல, வெட்டுக்குப் போணும்னா மூணு" என்றிருக்கிறார். அடுத்து வந்த அம்மா, "அதை நீங்கல்லா சொல்லணும், நீங்கதானே படிச்சிருக்கியோ" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். மூன்றாவதாக வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஆறே முக்கால் போட்டாராம். இதை வைத்துக்கொண்டு எந்த டாக்டரிடம் போய் நிற்பது என்று கேட்டாள்.

வெளிநாட்டில் இதற்குக் கருவி இருந்தது. அதன் விலைக்கு ஒரு பழைய ஆட்டோவே வாங்கிவிடலாம் போலிருந்தது. அதனால் நாங்களே செய்தோம். உள்ளே இருக்கும் எடை உணரி, சமையலறையில் மாவு நிறுக்கிற சின்னத் தராசிலிருந்து கழற்றியது. உடம்பு, தண்ணீர்க் குழாயின் துண்டு. நோயாளி கையில் பிடிக்கிற சுவிட்ச், வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்குமே, நர்சைக் கூப்பிடுகிற மணி, அது. உடம்பில் படுகிற வட்டமான ரப்பர் முனையை என் பழைய ஹவாய் செருப்பிலிருந்து வெட்டினேன். நீங்கள் இப்போது கையுறை போட்டுக்கொண்டு எடுக்கிற அந்த முனைக்கு மூதாதை என் இடது கால் செருப்பு.

முதல் சோதனை என்மேல்தான். அவள் முனையை என் தோளில் வைத்து மெல்ல மெல்ல அழுத்தினாள். முதலில் வெறும் அழுத்தம். பிறகும் அழுத்தம். பிறகு ஒரு நொடியில், அது அழுத்தமாக இல்லாமல் வலியாக மாறியது. சுவிட்சை அழுத்தினேன். ஒரு சின்னச் சத்தம் கேட்டு, திரையில் எண் நின்றது. மூன்று புள்ளி நான்கு கிலோ. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதுவரைக்கும் உலகத்தில் எனக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒன்று வெளியே வந்து, சிவப்பு எழுத்தில் நிற்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் இங்கே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வலி தொடங்குகிற இடம் வேறு, வலி தாங்க முடியாமல் போகிற இடம் வேறு. நாங்கள் செய்தது முதலாவதை அளக்க. ஒரு பக்கத்துத் தோளில் நாலு கிலோவிலும் மறு பக்கத்தில் இரண்டு கிலோவிலும் வலி தொடங்கினால், அந்த இரண்டாவது பக்கத்தில் ஏதோ கோளாறு என்று டாக்டர் மேற்கொண்டு தேடுவார். அதுதான் இந்தக் கருவியால் ஆகிற உபகாரம்.

ஆஸ்பத்திரி ஆட்களிடம் அளந்தோம், குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவர்களிடம் அளந்தோம். எண்கள் மூன்று, நாலு, சிலருக்கு ஐந்து என்று ஒழுங்காக வந்தன. அதற்குப் பிறகுதான் கடற்கரைக்குப் போனோம்.

மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். மீன் விற்கிற பெண்களுக்கு எலும்பு, தசை பரிசோதனை முகாம், மாதா கோவில் பக்கத்து மண்டபத்தில். எலும்பு டாக்டர் ஒருத்தர் வந்திருந்தார், சின்ன வயது, நல்ல மனிதர். பிசியோக்காரி காய்ச்சலில் படுத்துவிட்டாள், அதனால் அளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் புராட்டஸ்டண்ட் சபையிலும் அது உண்டு, லெந்து நாட்கள் என்போம், கறி மீன் தொடமாட்டோம். அத்தோடு சரி. இவர்கள் பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள். அவர்களுக்கு அந்த நாட்கள் எப்படி என்று பக்கத்து ஊரில் பிறந்த எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை.

இருபது பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கருவியை எடுத்து மேசையில் வைத்து, இதை அழுத்துவேன், வலி வந்த உடனே சுவிட்சை அமுக்கிவிடுங்கள் என்று சொன்னேன். அவர்களில் ஒருத்தி எழுந்து பக்கத்தில் இருந்தவர்களிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். எல்லோரும் தலை குனிந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள். என் கருவிக்குத்தான் இந்த மரியாதை என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப்போனேன்.

முதல் பெண்ணுக்கு ஏழு புள்ளி எட்டு. இரண்டாவது பெண்ணுக்கு எட்டரை. மூன்றாவது ஒன்பதைத் தாண்டியது. கருவியில் ஏதோ வந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. அந்தக் கடற்கரையில் கறுப்பு மணல் எங்கும் இருக்கும், கனமான மணல், எந்த இடுக்கிலும் நுழையும். மண்டபத்து மேசையிலேயே கருவியைப் பிரித்து ஊதித் துடைத்தேன். பக்கத்துப் பலசரக்குக் கடையில் ஐந்து கிலோ எடைக்கல் இரவல் வாங்கி மேலே வைத்துப் பார்த்தேன். ஐந்து என்று காட்டியது. இரண்டு கிலோக் கல்லை வைத்தேன். இரண்டு என்று காட்டியது. கருவியில் ஒரு குறையும் இல்லை.

கருவி சரி, அப்படியென்றால் ஆட்கள்தான் வேறு மாதிரி. அப்படித்தான் என் புத்தி போனது. விடிவதற்கு முன் எழுந்து, தலையில் அத்தனை பாரத்தோடு நடந்து, பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறவனோடு மல்லுக்கட்டி, வெயிலில் உட்கார்ந்து விற்றுத் திரும்புகிற உடம்பு. எங்களைப் போன்ற உடம்பா அது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு எண்ணையும் சத்தமாக வாசித்தேன். "அடேயப்பா, எட்டு புள்ளி ஒன்பது" என்றேன். "அக்கா, நீங்க மனுஷியா இரும்பா?" என்று ஒருத்தியிடம் கேட்டேன். பெஞ்சே சிரித்தது. அவ்வளவு மலைப்பு எனக்கு. அது பொய் இல்லை, மனதார மலைத்தேன். மலைத்த கையோடு குறிப்புத் தாளில், கடற்கரைப் பெண்களுக்கு இயல்பான அளவு ஏழிலிருந்து பத்து என்றும் எழுதினேன்.

கடைசியாக வந்தவள் அமலோற்பவம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒடிசலான ஆள், உச்சியில் சும்மாடு வைத்த இடத்தில் முடி தேய்ந்திருந்தது. வலது தோளும் முதுகும் வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்று டாக்டரிடம் சொல்லியிருந்தாள். என்னை "சிஸ்டரே" என்றாள். நான் சிஸ்டர் இல்லை, மிஷின் பார்க்கிறவள் என்றேன். "செரி, மிஷின்காரம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இடது தோளில் வைத்து அழுத்தினேன். ஐந்து, ஆறு, எட்டு. சுவிட்சைப் பிடித்த கை அசையவில்லை. பத்து கிலோவுக்கு மேல் அழுத்தக்கூடாது என்பது நாங்களே வைத்த விதி. அதனால் பத்தில் நானே எடுத்துவிட்டேன். வலது தோள். வலிக்கிறது என்று சொன்ன பக்கம். அதிலும் பத்து. தோலில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம், மேலுதட்டில் வியர்வை.

"வலிக்கலியா அக்கா?" என்று கேட்டேன்.

"நோவு இருக்கு. நீங்க அமுக்குங்கோ."

பிள்ளைகளே, அவள் சொன்னாள். என் முகத்தைப் பார்த்து, நோவு இருக்கு என்று தெளிவாகச் சொன்னாள். என் தாளில் எண்ணுக்குக் கட்டம் இருந்தது, சொல்லுக்குக் கட்டம் இல்லை. நான் பத்து, பத்து என்று எழுதினேன்.

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். ஸ்கேனுக்கு எழுதுகிற சீட்டை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார், பேனா கையில் இருந்தது. எண்ணைப் பார்த்ததும் தயங்கினார்.

"மேடம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கே. இந்த ரீடிங்கை நம்பலாமா?"

அளந்து முடிந்த பதினைந்து பேர் இன்னும் அவருக்காகக் காத்திருந்தார்கள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கருவியைச் சோதிச்சுப் பாத்தாச்சு டாக்டர். இந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு இது நார்மல்தான்" என்றேன்.

அவர் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, தேய்க்க ஒரு மருந்தும் நாலு உடற்பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். அமலோற்பவம் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வாறேன் மிஷின்காரம்மா" என்று போய்விட்டாள்.

நான் அத்தோடு விடவில்லை. அந்த அளவு அட்டவணையைத் தட்டச்சு செய்து, லேமினேட் போட்டு, கருவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டினேன். ஆஸ்பத்திரி ஆட்களுக்கு ஒரு வரி, தோட்டத் தொழிலாளிகளுக்கு ஒரு வரி, கடற்கரைப் பெண்களுக்கு ஒரு வரி. பிசியோக்காரி காய்ச்சல் தெளிந்து வந்து அதைப் பார்த்தாள்.

"ஒரு ஊரு முழுக்கவா இப்பிடி இருக்கும்? எனக்கு என்னவோ போல இருக்குட்டி" என்றாள்.

"நீ வந்து பாத்திருக்கணும். வீட்ல போத்திப் படுத்துட்டு இப்ப வந்து சொல்லாதே" என்றேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஐந்து வாரம் கழித்து, ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை, அமலோற்பவம் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி வந்தாள். தக்கலை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மீன் சருவத்தைப் பிடித்திருந்த விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. அவ்வளவு மீனும் தார் ரோட்டில் கொட்டிவிட்டது. கை பிடிக்கவில்லை, ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்கவில்லை. பிசியோக்காரி சுவர் வழியாகவே என்னைக் கத்திக் கூப்பிட்டாள். கருவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அமலோற்பவம் சுவிட்சை இடது கையில் வாங்கிக்கொண்டாள். நான் வலது தோளில் முனையை வைத்து அழுத்தத் தொடங்கினேன். ஒன்றரை. இரண்டு. இரண்டரை. சுவிட்ச் அசையவில்லை. இன்றைக்கும் அதேதான் என்று நினைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடியே அழுத்தினேன்.

"எடுட்டி" என்றாள் பிசியோக்காரி.

"இப்பதான் மூணு."

"எடுன்னேன். நீ பெட்டியைப் பாக்கிய. அவிய காலைப் பாரு."

பார்த்தேன். செருப்பைக் கழற்றி வைத்திருந்த இரண்டு பாதங்களிலும் பத்து விரல்களும் உள்பக்கமாக மடங்கித் தரையைப் பிடித்திருந்தன. முகம் அமைதியாக இருந்தது, கை அமைதியாக இருந்தது. கால் மட்டும் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு மண்டபத்திலும் இந்தக் கால் இருந்திருக்கும். ஒன்று இல்லை, இருபது ஜோடிக் கால்கள். ஒன்றைக்கூட நான் குனிந்து பார்க்கவில்லை.

எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தன. "அக்கா, வலிச்சா அமுக்குங்கன்னுதானே சொன்னேன். ஏன் அமுக்கல? அன்னைக்கும் அமுக்கல. இதைப் பாத்துத்தானே டாக்டர் மருந்து எழுதுறாரு" என்று சத்தம் போட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வருத்தம்கூட இல்லை. தெரியாத பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"நான் ஒப்புக்கொடுத்ததுல்லா."

அவள் மகன் கல்ஃபில் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனவன். படகு எல்லை தாண்டிவிட்டது என்று இன்னொரு நாட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பல மாதமாக அவனிடமிருந்து ஒரு போன் இல்லை. அங்கே மனு கொடுத்தாயிற்று, இங்கே மனு கொடுத்தாயிற்று. இருக்கிறானா என்றுகூடத் தெரியாது.

"ஆபீஸ்காரங்க பேப்பர் கேக்கிறாவ, இருந்த பேப்பரை எல்லாம் கொடுத்தாச்சு. கோவில்ல நேச்சன்னு காணிக்கை நேருவாவ, அதுக்கும் என் கையில ஒண்ணும் இல்ல. எனக்கு இந்த நோவு மட்டுந்தான் உண்டு. எனக்க மவன் வாற வரைக்கும் இது எனக்குன்னு சொல்ல மாட்டேன் சேசுவே, நீரு எடுத்துக்கிடும்னு கொடுத்தாச்சு. கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியுமா?"

"அப்ப மத்தவங்க?" என்று கேட்டேன். "அன்னைக்கு பெஞ்சில இருந்த எல்லாருமே அமுக்கலியே."

"தவசுகாலத்து வெள்ளிக்கிழமை ஒவ்வொரு கருத்துக்கு, ஒவ்வொருத்தருக்க தேவைக்கு, நோவை ஒப்புக்கொடுப்போம். அண்ணைக்கு எனக்க மவனுக்கு. நீங்க மிஷினைக் கொண்டாந்து வச்சுக்கிட்டு, அமுக்குவேன், நோவும்னு சொன்னியளா, நம்ம லூர்து எந்திச்சு, ஏட்டி, இண்ணைக்கு இதைக் கொடுப்போம், அமலோற்பவத்துக்க பிள்ளைக்குன்னு சொன்னா. எல்லாரும் அவிய அவியளால ஏண்ட மட்டும் கொடுத்தாவ." கருவியைத் தொட்டுக் காட்டி, "சேசு பாத்து அனுப்பின மிஷின்னு பேசிக்கிட்டோம்" என்றாள்.

ஏழு புள்ளி எட்டு, எட்டரை, ஒன்பதுக்கு மேல் என்று நான் வாசித்து வாசித்து வியந்த அந்த எண்கள், தோல் தடித்த உடம்புகளின் எண்கள் இல்லை. உங்களுக்கும் எனக்கும் எங்கே வலி தொடங்குமோ அங்கேதான் அவர்களுக்கும் தொடங்கியது. அதற்கு மேல் போன ஒவ்வொரு கிலோவும் ஒருத்தி இன்னொருத்தியின் மகனுக்காகக் கொடுத்தது. அதைத்தான் நான் இயல்பான அளவு என்று தட்டச்சு செய்து, லேமினேட் போட்டு ஒட்டியிருந்தேன். எனக்கு அவர்கள்மேல் இருந்தது மதிப்புத்தான், இளக்காரம் இல்லை. ஆனால் இளக்காரமாக நினைத்திருந்தாலும் இதே அட்டையைத்தான் செய்திருப்பேன். இவர்களுக்கு வலிக்காது என்று முடிவு கட்டுகிறவன் எந்த மனதோடு கட்டினால் என்ன, ஸ்கேன் சீட்டு ஓரமாகத்தானே போகிறது.

பிசியோக்காரி பெட்டியைத் திறந்து அந்த அட்டையைப் பிய்த்து எடுத்தாள். பசை கெட்டியாக இருந்தது, மூடியின் பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது.

ஆனால் வேலை முடியவில்லை. எலும்பு டாக்டருக்குப் போன் போட்டோம். கழுத்தில் நரம்பு நசுங்குகிறது போலிருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், கூடவே இரண்டு பக்கத்து அளவையும் சரியாக எழுதி அனுப்புங்கள், ஆபரேஷனுக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அளவு வேண்டும். அமலோற்பவமோ சுவிட்சை அழுத்த மாட்டாள். அழுத்தினால் மகனை விட்டுவிட்ட மாதிரி. கை போனாலும் பரவாயில்லை என்று அவள் நிற்பது எங்களுக்குத் தெரிந்தது. பிசியோக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "அக்கா, அவன் வரும்போ சோறு போட கை வேணும்லா" என்றாள். அமலோற்பவம் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கிப் பார்த்தாள்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "மிஷின்காரம்மா, ஒண்ணு செய்யலாமா? நோவு தொடங்கும்போ ஒரு அமுக்கு. அது டாக்டருக்கு. அங்கேருந்து மிச்சம் உள்ளது சேசுவுக்கு. அது தீரும்போ இன்னொரு அமுக்கு. உங்க மிஷின் அப்பிடி ரெண்டையும் பிரிச்சு எழுதுமா?"

"எழுதும்" என்றேன்.

எழுதாது. அன்றைக்கு அந்தக் கருவிக்கு ஒரு அழுத்தம்தான் தெரியும். முதல் அழுத்தத்திலேயே எண் நின்றுவிடும். நான் என் அறைக்குப் போய் நிரலைத் திறந்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக ஏற்றினேன். ஆம்புலன்ஸ் வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள், அதற்குள் முடித்துக் கொண்டுவந்தேன். கூடவே, நோயாளிக்குத் தெரியாதபடி திரையைத் திருப்பி வைத்தேன். எண்ணைச் சத்தமாக வாசிக்கிற வழக்கத்தையும் அன்றோடு விட்டேன்.

வலது தோளில் வைத்தேன். இந்தத் தடவை அவள் காலைப் பார்த்துக்கொண்டே அழுத்தினேன். கால் விரல் மடங்கிய அதே நொடியில் சுவிட்ச் ஒலித்தது. ஒன்று புள்ளி ஒன்பது. அவ்வளவுதான், ஒரு குழந்தை விரலால் அமுக்கினாலே வலிக்கிற அளவு. அந்த இடத்தில்தான் ஐந்து வாரத்துக்கு முன்னால் பத்து கிலோ வைத்து அழுத்திவிட்டு, இது நார்மல் என்று சொன்னேன். இரண்டாவது ஒலிக்காக நான் மேலே அழுத்த வேண்டும். என்னால் முடியவில்லை. மூன்றுக்கு மேல் போக மாட்டேன் அக்கா, என்னைக் கொன்னாலும் போக மாட்டேன் என்றேன். அவள் யோசித்துவிட்டு, "செரி, நீங்களும் பாவம்" என்று மூன்றில் இரண்டாவது தடவை அழுத்தினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கை திரும்பி வந்தது. சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும் மட்டும் முழுதாக வரவில்லை. முன்னாலேயே பார்த்திருந்தால் அதுவும் வந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். வந்திருக்கலாம் என்றார். அவள் நோவு இருக்கிறது என்று சொன்னதையும் நான் அதை அவரிடம் சொல்லாமல் விட்டதையும் அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த இரண்டு விரலுக்கும் நான்தான் பொறுப்பு. இதை எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். உங்கள் கேள்வி அதற்கு ஒரு வழி செய்தது.

நீங்கள் நிரப்புகிற படிவத்தில், எண்ணுக்குப் பக்கத்தில் 'அவர் சொன்னது' என்று ஒரு அகலமான கட்டம் இருக்கிறதே, அது அப்போது வந்ததுதான். அதை யாரும் நிரப்புவதில்லை என்று கேள்விப்பட்டேன். நிரப்புங்கள் மக்கா.

அமலோற்பவம் தலையில் தூக்கி விற்பதை விட்டுவிட்டு, சந்தையில் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்து விற்க ஆரம்பித்தாள். மாதம் ஒரு தடவை அளவெடுக்க வருவாள். பிசியோக்காரிக்கு ஒரு பொட்டலம் நெத்திலி, எனக்கு ஒரு பொட்டலம். வேண்டாம் என்றால் கோபம் வரும். வலது தோளில் வலி தொடங்குகிற எண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு வந்தது. இரண்டரை, மூன்று, மூன்றே கால். ஒவ்வொரு தடவையும் முதல் ஒலிக்கும் இரண்டாவது ஒலிக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டபடி ஒரு கிலோதான், அதற்கு மேல் நான் விடமாட்டேன். அந்த ஒரு கிலோ ஏறும்வரை அவள் உதடு அசைந்துகொண்டிருக்கும். என் கைக்கும் அவள் தோளுக்கும் நடுவில் அப்போது நடந்ததை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. என் கருவி அதன் நீளத்தை மட்டும் எழுதியது.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில் வந்தாள். நெத்திலி கொண்டு வரவில்லை. வந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்து, சுவிட்சைக் கையில் வாங்கினாள். முதல் தடவையாக வலது கையில் வாங்கினாள். நான் அழுத்த ஆரம்பித்தேன். மூன்று புள்ளி எட்டில் முதல் ஒலி வந்தது. மேலே அழுத்தலாம் என்று கையை இறுக்குவதற்குள் இரண்டாவது ஒலியும் வந்துவிட்டது. திரையில் இரண்டு வரியிலும் ஒரே எண்.

அந்தக் கையில் இன்னும் பிடிப்பு சரியாக இல்லையே, விரல் தவறியிருக்கும் என்று நினைத்தேன். "கை வழுக்கிட்டுதா அக்கா? இன்னொரு தடவை வைக்கட்டா?"

"வழுக்கல்ல" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. "நேத்து சாயங்காலம் வந்துட்டான். வீட்டுல கிடந்து உறங்குகான். இனி எனக்கு நோவுதுன்னு சொல்லலாம்லா."

முனையை அவள் தோளிலிருந்து எடுத்தேன். படிவத்தில் மூன்று புள்ளி எட்டு, மூன்று புள்ளி எட்டு என்று இரண்டு எண்ணையும் எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் அவள் சொன்னதையும் எழுதினேன்.